ஊர் நூலகத்தின் பழைய புத்தகங்கள்: மின்னாக்கத்துக்கு எந்த வழி?

நூற்றாண்டு விழா, புதிய ஆட்சிக்குழு, வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் அனுப்பிய நன்கொடை என்று காரணம் எதுவாக இருந்தாலும் பேச்சு ஒரே இடத்தில் வந்து நிற்கும்: "பழைய புத்தகங்களை எல்லாம் ஸ்கேன் பண்ணிப் போட்டுடலாமே." எல்லோரும் தலையாட்டுவார்கள். உடனே ஒருவர், "எந்த ஸ்கேனர் வாங்கலாம்?" என்று கேட்பார். அது நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ கேட்க வேண்டிய கேள்வி. முதலிலேயே கேட்டுவிடுவதால்தான், உறை பிரித்த கையோடு பீரோவுக்குள் போன ஸ்கேனர்கள் பல ஊர்களில் இருக்கின்றன.

நான் மனத்தில் வைத்து எழுதுவது நடுத்தர அளவுள்ள ஒரு நூலகத்தை. ஆயிரம், ஆயிரத்தைந்நூறு பழைய புத்தகங்கள், சில ஆண்டுகளுக்குக் கட்டுப்போட்ட இதழ்கள், சங்கத்தின் ஆண்டறிக்கைகள், யாரோ கொண்டுவந்து கொடுத்த ஓலைக்கட்டு ஒன்றிரண்டு. முழுநேர ஊழியர் ஒருவர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தஞ்சை சரசுவதி மகாலுக்கோ, 1869-இல் தொடங்கிய சென்னைக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கோ இந்தக் கணக்கு பொருந்தாது.

என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இந்த அளவுள்ள நூலகம் காகிதத்தில் இருப்பதைத் தானே கேமரா ஸ்டாண்டு வைத்துப் படமெடுக்கலாம். ஓலைகளைத் தொடாமல் அனுபவப்பட்ட நிறுவனத்திடம் கொண்டுபோகலாம். நன்கொடையில் பெரும் பங்கு கருவிக்குப் போகக் கூடாது, பக்கம் புரட்டிச் சரிபார்க்கும் ஆளின் சம்பளத்துக்குப் போக வேண்டும்.

முதலில் கழித்தல் கணக்கு

ஸ்கேன் செய்வதற்கு முன் பட்டியல் வேண்டும். பட்டியல் கையில் வந்ததும் ஒவ்வொரு தலைப்பையும் இணையத்தில் தேடுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் 2017 முதல் இயங்குகிறது. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணையக் காப்பகத்தில் தமிழ்ப் புத்தகங்கள் குவிந்து கிடக்கின்றன. இலங்கை வெளியீடு என்றால் 2005-இல் தொடங்கிய நூலகம் தளம். வெறும் உரை போதும் என்றால் 1998 பொங்கலுக்குத் தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறது. பிரபலமான சைவ, வைணவ நூல்கள், நாட்டுடைமையான ஆசிரியர்களின் புத்தகங்கள் என்று உங்கள் அலமாரியில் கணிசமான பகுதி ஏற்கெனவே அங்கே இருக்கும்.

ஆனால் "இருக்கிறது" என்று பார்த்ததும் டிக் அடித்துவிடக் கூடாது. திறந்து பார்க்க வேண்டும். இந்திய மின்னூலகத் திட்டம் ஒரு காலத்தில் லட்சக்கணக்கான புத்தகங்களை ஸ்கேன் செய்தது. 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) தான், ஆனால் வெறும் கறுப்பு வெள்ளை. சாம்பல் நிறம்கூட இல்லை. பழுத்த தாளில் உள்ள கறை அந்தப் படத்தில் கறுப்புத் திட்டாக விழுந்து எழுத்தை மூடிவிட்டது. புகைப்படங்கள் மைக்கறை ஆகிவிட்டன. பல புத்தகங்களில் பக்கங்களே விடுபட்டன. அந்தப் பிரதிதான் இணையத்தில் இருக்கிறது என்றால், உங்கள் புத்தகத்தை மறுபடி எடுப்பது வீண்வேலை இல்லை. பதிப்பையும் பாருங்கள். அவர்களிடம் மூன்றாம் பதிப்பும் உங்களிடம் முதற்பதிப்பும் இருந்தால் இரண்டும் ஒன்றல்ல. முகவுரைகள் மாறியிருக்கும், பின்னட்டை விளம்பரங்கள் மாறியிருக்கும்.

இப்படிக் கழித்துவிட்டுப் பார்த்தால் மீதி நிற்பது பெரும்பாலும் புத்தகமாகவே மதிக்கப்படாத சரக்கு: உள்ளூர் அச்சகத்தில் போட்ட கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டு மலர், கூட்டுறவுச் சங்க அறிக்கை, நாடகக் கம்பெனி நோட்டீஸ், ஓரணா இரண்டணாப் பாட்டுப் புத்தகம். இவைதான் வேறெங்கும் இல்லாதவை. முதலில் எடுக்க வேண்டியவையும் இவைதான். ஆட்சிக்குழுவில் இதற்கு ஒப்புதல் வாங்குவது கொஞ்சம் கஷ்டம். விழா மேடையில் காட்டுவதற்குத் தொல்காப்பியப் பதிப்பு வேண்டும் என்பார்கள்.

இன்னொன்று, எது பழையதோ அது முதலில் என்று வரிசை போடாதீர்கள். 1860-களின் புத்தகத் தாள் பல சமயம் துணிக்கந்தலில் செய்தது. விளிம்பு பழுத்திருந்தாலும் மடக்கினால் மடங்கும். மரக்கூழ்க் காகிதம் பரவிய பிறகு வந்தவைதான் தொட்டால் உதிர்கின்றன. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கிடைத்த தாளில் அச்சடித்த இதழ்களையும், செய்தித்தாள் காகிதத்தில் வந்த ஐம்பதுகளின் வார இதழ்களையும் எடுத்துப் பாருங்கள். ஓரத்தை விரலால் தடவினால் பொடி ஒட்டும். அவற்றுக்கு அவகாசம் குறைவு.

பெரிய நிறுவனத்திடம் கொடுப்பது

இது முதல் வழி. செலவும் உழைப்பும் அவர்களுடையது, தரம் பெரும்பாலும் நன்றாக இருக்கும். இந்த வழியில் என்ன நடக்க முடியும் என்பதற்குத் தமிழில் இருக்கும் மிகச் சிறந்த உதாரணம் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தவை, நூலும் இதழும் துண்டுப் பிரசுரமுமாக ஒரு லட்சம் அளவில். அவர் 1992-இல் மறைந்தார். 1994-இல் சிக்காகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. வாங்கியவர்கள் அதைக் கப்பலேற்றிக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே நூலகமாக்கி, மைக்ரோஃபிலிம் எடுக்கத் தொடங்கினார்கள். மூலம் இங்கேயே இருந்தது, படச்சுருள் பிரதி அங்கேயும் போனது. எனக்கு இந்த ஏற்பாட்டில் பிடித்ததே அதுதான்.

வெளிநாட்டு நிதி என்றால் 2004-இல் தொடங்கிய பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுநிலை ஆவணத் திட்டம் நினைவுக்கு வரும். அதன் நிபந்தனை தெளிவானது: மூலப் பொருள் நாட்டை விட்டுப் போகாது, மின்பிரதி ஒன்று உள்நாட்டு நிறுவனத்திடம், ஒன்று அவர்களிடம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் இந்த நிதியில் தமிழ்நாட்டு ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்ப்பு ஆவணங்களையும் பழைய போட்டோ ஸ்டுடியோப் படங்களையும் மின்னாக்கியிருக்கிறது. ஆனால் விண்ணப்பம், மதிப்பீடு, ஒப்பந்தம் என்று அது நீளமான வேலை. ஆய்வு நிறுவனம் ஒன்று கூட்டாளியாக இல்லாமல் ஊர் நூலகம் தனியாகப் போய் நிற்பது நடைமுறையில் சிரமம்.

எந்த நிறுவனமாக இருந்தாலும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டிய பதில்கள் சில உண்டு. புத்தகம் எங்கள் ஊருக்கே வந்து எடுக்கப்படுமா, இல்லை வண்டியில் ஏற்றி அனுப்ப வேண்டுமா? எப்போது திரும்பி வரும்? எடுத்த மூலப் படக்கோப்புகளில் எங்களுக்கு ஒரு முழுப் பிரதி கிடைக்குமா? கிடைத்தால் பிடிஎஃப் மட்டுமா? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைப் பொறுத்தே நான் முடிவெடுப்பேன். தன் புத்தகத்தின் படத்தையே வேறொருவரிடம் கேட்டு நிற்கும் நிலைக்கு ஒரு நூலகம் போகக் கூடாது.

இந்த வழியின் உண்மையான குறை, உங்கள் வரிசைமுறை அங்கே செல்லாது என்பது. அவர்களுக்கு வேண்டிய அரிய நூல் இருபது போகும். உங்களுக்கு உயிரான பள்ளி ஆண்டு மலர் அப்படியே கிடக்கும்.

ஏஜென்சிக்கு விடுவது

பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசி வேலையை முடித்துக் கொடுக்கும் ஏஜென்சிகள் எல்லா நகரத்திலும் இருக்கின்றன. வங்கிக் கோப்பும் பத்திரப்பதிவு ஆவணமும் எடுத்துப் பழகியவர்கள். அவர்களுக்குத் தாள் என்றால் ஏ4. கட்டை அறுத்து, தாள் தாளாகப் பிரித்து, வேகமாக இழுக்கும் ஸ்கேனரில் போடுவதுதான் அங்கே லாபமான முறை. புதிய, பல பிரதி உள்ள புத்தகத்துக்கு அது தப்பில்லை. ஒற்றைப் பிரதிக்கு அதை நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒப்பந்தத்தில் "கட்டை அறுக்கக் கூடாது" என்று எழுதியே ஆக வேண்டும்.

அப்புறம், பக்கக் கணக்கில் காசு என்பதால் வெற்றுப் பக்கமும் விளம்பரமும் அட்டையும் விடுபடும், அல்லது அதற்கு நேர்மாறாக ஒரே பக்கம் இருமுறை எண்ணப்படும். குறைந்த விலை சொன்னவருக்கு வேலை என்று போனால், கடைசியில் கையில் வருவது புத்தகத்துக்கு ஒன்றாகச் சுருக்கிய சின்ன பிடிஎஃப். பெரிதாக்கினால் எழுத்தைச் சுற்றிப் புகை மாதிரி தெரியும். சுருக்கியதில் போன விவரத்தைத் திரும்பக் கொண்டுவர எந்த மென்பொருளாலும் முடியாது. ஏஜென்சியை ஒரேயடியாக ஒதுக்கச் சொல்லவில்லை. கட்டுப் பிரிந்து தாள் தாளாகவே கிடக்கும் அறிக்கைகள், அலுவலகக் கோப்புகள் போன்றவற்றுக்கு அவர்கள்தான் சரி. சுருக்காத படங்கள், பத்தில் ஒரு புத்தகத்தை நாங்கள் பக்கம் பக்கமாகச் சரிபார்ப்போம், தவறு இருந்தால் அந்தப் பெட்டி முழுவதும் மறுபடி எடுக்க வேண்டும் என்ற மூன்றும் ஒப்பந்தத்தில் இருந்தால் கொடுக்கலாம்.

நாமே எடுப்பது

இங்கே நான்கு கருவிகள் போட்டியிடுகின்றன.

செல்போனைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வெள்ளம் வருகிறது, கூரை ஒழுகுகிறது, அலமாரி நாளை காலி செய்யப்படுகிறது என்றால் யோசிக்காமல் போனில் எடுங்கள். இல்லாத படத்தைவிட சுமாரான படம் மேல். மற்றபடி வேண்டாம். போன் தானாகவே கூர்மை கூட்டும், நிறத்தை மாற்றும், ஓரத்தை வெட்டும். நூறாவது பக்கத்தில் கையும் நடுங்கும்.

ஃபிளாட்பெட் ஸ்கேனர் எல்லோரும் அறிந்தது. புகைப்படம், அழைப்பிதழ், துண்டுப் பிரசுரம், தனித்தாள் எல்லாவற்றுக்கும் இதை மிஞ்ச ஆளில்லை. ஒரே சீரான வெளிச்சம், ஒரே சீரான கூர்மை. கட்டுப்போட்ட புத்தகத்துக்குத்தான் இது எதிரி. கவிழ்த்துப் போட்டு அமுக்க வேண்டும். நூல் தைத்த பழைய முதுகு விரிசல் விடும். அமுக்காவிட்டால் கட்டோரத்து எழுத்து மங்கும். மெலிதாக, யூஎஸ்பி கம்பியிலேயே மின்சாரம் எடுத்து ஓடும் மலிவு ஸ்கேனர்களில் கண்ணாடியை விட்டுச் சிறிது தூக்கினாலே படம் கலங்கிவிடும். கொஞ்சம் கனமான, சிசிடி வகை ஸ்கேனர் அந்த விஷயத்தில் பரவாயில்லை.

நேரத்தையும் கணக்குப் போடுங்கள். 200 பக்கப் புத்தகம் 1,000 என்று வைத்தால் 2 லட்சம் பக்கம். ஃபிளாட்பெட்டில் விரித்து இரண்டிரண்டு பக்கமாக, புரட்டுவதையும் சேர்த்து ஒரு தடவைக்கு 40 விநாடி என்றாலும் 1,100 மணி நேரம் தாண்டும். நாளுக்கு ஐந்து மணி நேரம் உட்கார்ந்தால் 220 வேலை நாள். கேமராவில் பக்கத்துக்கு 10 விநாடி என்று தாராளமாக வைத்தாலும் ஏறக்குறைய 555 மணி நேரம், அதாவது பாதி.

அடுத்தது கடையில் கிடைக்கும் மேசை ஸ்கேனர். கழுத்து நீண்ட மேசை விளக்கு போல நின்று மேலிருந்து படமெடுப்பது. காலால் மிதித்தால் படம் விழும், பக்க வளைவை மென்பொருள் தானே நிமிர்த்தும். விற்பவர் செய்து காட்டும்போது அசந்துபோவோம். ஆனால் அந்த நிமிர்த்தல் ஒரு ஊகம்தான். பழைய தமிழ் அச்சில் வரிகள் நெருக்கமாக இருக்கும், துணைக்காலும் கொம்பும் ஒட்டி நிற்கும். வளைவை இழுக்கும் இடத்தில் எழுத்து நசுங்குவதைப் பார்க்கலாம். வழவழப்பான தாளில் விளக்கின் பிரதிபலிப்பு விழும். உள்ளே இருக்கும் லென்சும் சென்சாரும் மாற்ற முடியாதவை. நிறுவனம் அந்த மாதிரிக்கு மென்பொருள் தருவதை நிறுத்திவிட்டால் கருவியும் நின்றுபோகும். அலுவலகப் பயன்பாட்டுக்கு நல்ல பொருள். ஒரு தடவை மட்டும் எடுக்கப்போகும் அரிய நூலுக்கு நான் வாங்க மாட்டேன்.

மிச்சம் இருப்பது கேமரா ஸ்டாண்டு. லென்ஸ் மாற்றக்கூடிய 24 மெகாபிக்சல் கேமரா ஒன்று, பழையதாக இருந்தாலும் போதும். அதன் படம் 6,000-க்கு 4,000 புள்ளி. எட்டரை அங்குல உயரமுள்ள டெமி அளவுப் புத்தகத்தை விரித்து இரண்டு பக்கமும் ஒரே படத்தில் எடுத்தாலும் அங்குலத்துக்கு 450 புள்ளிக்குக் குறையாது. 300 இருந்தால் படிக்கலாம், 400 இருந்தால் நன்றாக அச்சிடவே செய்யலாம். ஆகவே அதிக மெகாபிக்சலுக்குக் காசு கொட்ட வேண்டியதில்லை. நாளிதழ் மட்டும் விதிவிலக்கு. 22 அங்குலத் தாளை ஒரே படத்தில் அடக்கினால் 270-க்கு இறங்கிவிடும், மேல்பாதி கீழ்ப்பாதி என்று இரண்டாக எடுக்க வேண்டும். லென்சுக்குக் காசு செலவழியுங்கள். கேமராவோடு வரும் ஜூம் லென்ஸ் ஓரங்களை வளைக்கும். 50, 60 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ் நேர்க்கோட்டை நேர்க்கோடாகவே காட்டும்.

வேலை நடப்பது இப்படி. மேசையில் கறுப்புத் துணி. நேர்மேலே, தரையைப் பார்த்தபடி கேமரா. இரண்டு பக்கமும் 45 பாகைச் சாய்வில் ஒரே ரக எல்இடி விளக்கு. குழல்விளக்கை அணைத்து ஜன்னலைச் சாத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் காலையில் எடுத்த பக்கம் நீலமாகவும் சாயங்காலம் எடுத்தது மஞ்சளாகவும் இருக்கும். புத்தகத்தை 180 பாகைக்கு விரிப்பதில்லை. நூறு, நூற்றுப்பத்து பாகைக்கு மட்டும் திறந்து, ஒரு பாதியை மரப்பலகையில் சாய்த்து நிறுத்தி, படுத்திருக்கும் பாதியின் மேல் கண்ணாடியை மெதுவாக வைத்து எடுக்க வேண்டும். முதலில் ஒற்றைப்படைப் பக்கங்கள் எல்லாம் கடைசி வரை. பிறகு புத்தகத்தைத் திருப்பி வைத்து இரட்டைப்படைப் பக்கங்கள். கோப்புகளைப் பெயர் மாற்றி ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோத்தால் புத்தகம் சேர்ந்துவிடும். இரண்டு தொகுப்பிலும் படங்களின் எண்ணிக்கை ஒன்றாக இல்லை என்றால் எங்கோ இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு புரண்டிருக்கிறது என்று அர்த்தம். ஸ்கேன் டெய்லர் போன்ற இலவச மென்பொருள் சாய்வை நேராக்கி ஓரத்தை வெட்டித் தரும். வெட்டாத மூலப்படத்தை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

அட்டை, முதுகு, உள்ளட்டையில் ஒட்டிய நூலகச் சீட்டு, வெற்றுப் பக்கம், கடைசியில் வரும் "எம்மிடம் கிடைக்கும் புத்தகங்கள்" விலைப்பட்டியல் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். பதிப்பு வரலாறு எழுதுகிறவர்களுக்கு அந்த விலைப்பட்டியல் தங்கம். வெற்றுப் பக்கத்தையும் எடுத்திருந்தால்தான், நடுவில் ஒன்றும் விடுபடவில்லை என்று பிற்பாடு பார்ப்பவர் நம்புவார்.

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் புரட்ட, ஒருவர் மடிக்கணினியில் பக்க எண்ணையும் கூர்மையையும் பார்க்க. புத்தகம் அலமாரிக்குத் திரும்பும் முன்பே சரிபார்ப்பு முடிந்திருக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து 43-ஆம் பக்கம் மங்கல் என்று தெரிந்தால், திரும்ப விளக்கைப் போட்டுப் புத்தகத்தைத் தேட யாருக்கும் மனம் வராது. நன்கொடையைச் சம்பளத்துக்கு ஒதுக்குங்கள் என்று சொன்னது இந்த இரண்டாவது ஆளுக்காக.

ஓலைக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது

ஓலைக்கட்டைப் பார்த்ததும் கயிற்றை அவிழ்க்காதீர்கள். பல காலம் பிரிக்காத கட்டில் ஏடுகள் ஒட்டியிருக்கும். பிரித்தால் பட்டையாக உரியும். ஃபிளாட்பெட்டில் அமுக்கினால் சுருண்ட ஏடு முறியும். எழுத்தாணியால் கீறிய பிறகு கரி பூசாத ஏடாக இருந்தால், நேர் வெளிச்சத்தில் ஒன்றுமே தெரியாது; ஒரு பக்கமிருந்து தாழ்வாக விளக்கைச் சாய்த்தால் கீறலின் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். சுத்தம் செய்வது, எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவுவது எல்லாம் பழகியவர் கையில் நடக்க வேண்டியவை. சென்னையில் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், 1943-இல் ருக்மிணி தேவி தொடங்கிய, இப்போது பெசன்ட் நகரில் இருக்கும் உ.வே.சா. நூலகம், புதுச்சேரியில் சைவ ஆகமச் சுவடிகளுக்காக 2005-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்ற பிரெஞ்சு நிறுவனம் என்று ஆட்கள் இருக்கிறார்கள். எழுதிக் கேளுங்கள். அதுவரை கட்டைத் துணியில் சுற்றி, ஈரமில்லாத அலமாரியில் வையுங்கள். இந்த ஒரு விஷயத்தில் சும்மா இருப்பதுதான் நல்ல வேலை.

கோப்பு எவ்வளவு, எங்கே?

ஆவணக் காப்பகத்துக்காரர்கள் டிஃப் கோப்புதான் மூலம் என்பார்கள். 24 மெகாபிக்சல் படம் சுருக்காத டிஃப்பாக 72 எம்பி. இரண்டு பக்கத்துக்கு ஒரு படம் என்றால் 200 பக்கப் புத்தகம் 7.2 ஜிபி, ஆயிரம் புத்தகம் 7.2 டெரா. அதே படம் உயர்தர ஜேபெக்காக 10 எம்பி அளவில் வரும். ஆயிரம் புத்தகம் ஒரு டெராவில் அடங்கும். பக்கத்துக்கு ஒரு படம் என்றால் இரண்டுமே இரட்டிப்பாகும். தூய்மைவாதிகள் கோபித்துக்கொள்ளட்டும், ஊர் நூலகத்துக்கு நான் ஜேபெக்கைத்தான் சொல்வேன். ஒரு டிஃப் தொகுப்பை ஒரே ஒரு டிஸ்க்கில் வைத்துக் கும்பிடுவதைவிட, ஜேபெக் தொகுப்பை நான்கு இடத்தில் வைப்பது பாதுகாப்பு. படம் அதிகமுள்ள நூல்களையும் புகைப்படங்களையும் மட்டும் டிஃப்பாக வைத்துக்கொள்ளலாம்.

நான்கு இடம் என்பது மிகையில்லை. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. வேறெங்கும் பிரதி இல்லாதவை அவற்றில் இருந்தன. மின்னாக்கிவிட்டால் கவலை இல்லை என்று நினைப்பவர்களுக்கு இன்னும் இரண்டு செய்தி. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளை ஹேக்கர்கள் முடக்கினார்கள். அதன் இணையச் சேவைகள் பல மாதக்கணக்கில் கிடைக்கவில்லை. 2024 அக்டோபரில் இன்டர்நெட் ஆர்க்கைவ் தாக்கப்பட்டு நாள்கணக்கில் இருண்டது. மேலே சொன்ன இந்திய மின்னூலகத் தளமும் பிற்பாடு இணையத்திலிருந்து மறைந்தது. அதிலிருந்த லட்சக்கணக்கான நூல்கள் இன்றும் கிடைக்கின்றன என்றால், வெளியாள்கள் முன்கூட்டியே இறக்கி இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றிவைத்ததால்தான்.

ஆகவே இரண்டு ஹார்ட் டிஸ்க், வேறு வேறு கம்பெனியுடையவை. ஒன்று நூலகத்தில், மற்றொன்று வேறு ஊரில் இருக்கும் உறுப்பினர் வீட்டில். மூன்றாவது பிரதி இன்டர்நெட் ஆர்க்கைவில், நான்காவது ஒரு தமிழ் நிறுவனத்தில். ஆண்டுக்கு ஒருமுறை டிஸ்க்கைச் செருகி, ஒவ்வொரு கோப்புக்கும் முதலில் எடுத்துவைத்த செக்சம் எண்ணோடு (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இலவச மென்பொருள் இதை ராத்திரியில் தானே செய்து முடிக்கும். சொந்த இணையதளம் தொடங்கும் யோசனையை மட்டும் தள்ளிவைக்கச் சொல்கிறேன். டொமைனைப் புதுப்பிக்கும் பொறுப்பில் இருந்தவர் ஊர் மாறிப் போனதும் அணைந்துபோகும் தளங்களே அதிகம்.

எழுத்துணரிக்குக் காசு கொடுக்க வேண்டுமா?

எழுத்துணரி என்பது படத்தில் உள்ள எழுத்தைத் தேடக்கூடிய உரையாக மாற்றும் மென்பொருள். இப்போதைக்கு அது வேண்டாம். 1978-க்கு முந்தைய அச்சில் னை, லை, ணை, றா, னா எல்லாம் பழைய உருவில் இருக்கும். எழுத்துணரி அங்கேதான் தடுமாறும். அது வருடா வருடம் முன்னேறுகிறது. படம் நன்றாக இருந்தால் எப்போது வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்ளலாம். இன்டர்நெட் ஆர்க்கைவே 2020-இன் இறுதியில் டெசராக்ட் என்ற எழுத்துணரிக்கு மாறிய பிறகு, ஏற்றும் தமிழ்ப் புத்தகத்துக்குத் தானாக ஒரு உரையை உருவாக்கித் தருகிறது. பிழை மலிந்திருக்கும், தேடலுக்கு உதவும்.

அந்தக் காசையும் நேரத்தையும் விவர அட்டவணையில் போடுங்கள். பழைய முகப்புப் பக்கத்தை வைத்து ஆண்டு குறிப்பது சும்மா இல்லை. "இஃது இன்னாரால் இன்ன அச்சியந்திரசாலையிற் பதிப்பிக்கப்பட்டது, சித்திரபானு வருஷம் ஆவணி மாதம்" என்று இருக்கும். அறுபதாண்டுச் சுற்றில் சித்திரபானு 1882-ஆகவும் இருக்கலாம், 1942-ஆகவும் இருக்கலாம். அச்சகத்தின் பெயர், எழுத்தின் வார்ப்பு, விலை அணாவில் போட்டிருக்கும் விதம், முன்னுரையில் வரும் ஆள்கள் எல்லாம் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். அதற்குத் தெரிந்த ஒரு பெரியவர் உங்கள் ஊரில் இருந்தால், கேமரா வாங்கும் முன் அவரைப் போய்ப் பாருங்கள். முகப்பில் உள்ளதை உள்ளபடியே ஒரு பத்தியிலும், உங்கள் கணிப்பை வேறு பத்தியிலும் எழுதுங்கள். கோப்புக்குத் தமிழில் பெயர் வைக்காமல் நூலகச் சேர்க்கை எண்ணையே வையுங்கள். பல கணினிகள் மாறும்போது தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாக மாறிப்போவதுண்டு.

எதை வெளியே வைக்கலாம்

இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு உரிமை. 1965-இல் இறந்தவரின் நூல் 2026 ஜனவரி 1 முதல் பொதுவில் வந்துவிட்டது. அரசு நாட்டுடைமை ஆக்கிய ஆசிரியர்களுக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இலங்கையில் 70 ஆண்டு. உரிமை தீராத புத்தகத்தை எடுக்கவே கூடாது என்றில்லை. 2012 திருத்தத்துக்குப் பிறகு, லாப நோக்கில்லாத பொது நூலகம் தன்னிடம் அச்சுப்பிரதி உள்ள நூலைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்கச் சட்டமே இடம் தருகிறது. சேமிக்கலாம், இணையத்தில் விரிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

உரிமைச் சிக்கல் இல்லாவிட்டாலும் நிறுத்திவைக்க வேண்டியவை உண்டு. ஊர்த் தகராறு ஆவணங்கள், கடன் பத்திரங்கள், விடுதி மாணவர் பதிவேடுகள் போன்றவற்றில் இன்றும் ஊரில் இருக்கும் குடும்பங்களின் பெயர்கள் இருக்கும். அவற்றை எடுத்து டிஸ்க்கில் வைத்துவிட்டு, குழு கூடிப் பேசும் வரை ஏற்றாமல் இருங்கள்.

மற்றதை ஏற்றும்போது தலைப்பைத் தமிழிலும் ரோமன் எழுத்திலும் கொடுங்கள். இரண்டிலும் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆசிரியர் பெயரில் முதலெழுத்தும் ஐயர், ஐயங்கார், முதலியார் போன்ற பின்னொட்டும் முகப்பில் உள்ளபடியே இருக்கட்டும், பரவலான வடிவத்தைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏற்றி முடித்ததும் கிடைக்கும் இணைப்பை அட்டவணையில் அந்தப் புத்தகத்துக்கு நேரே ஒட்டிவிட்டு, விக்கிப்பீடியாவின் சகோதரத் தளமான விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்ப்பவர்களுக்கும் தெரிவியுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகம் கொடுத்த இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நாட்டுடைமை நூல்களின் ஸ்கேன்களை அவர்கள்தான் வரிவரியாக உரையாக்கி வருகிறார்கள். உங்கள் ஊர்க் கும்பாபிஷேக மலரையும் யாராவது ஒருவர் எடுத்துக்கொள்வார்.